பூச்சி தொடாத தாள்கள்

ஜனவரி 6, திங்கள்

வில்பிரட் ஹார்கோர்ட் ஒரு திருடன்.

வெண்கொம்பு தாவரவியல் தோட்டத்தின் வாசலில் அவனுக்கு வெண்கலத் தகடு இருக்கிறது. ‘இம்மலைகளின் ஆறாயிரம் தாவரங்களைத் தம் கையால் சேகரித்தவர்.’ பொய். அவனுக்கு முழங்காலில் வாதம். மூங்கில் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அவனே கடிதத்தில் எழுதியிருக்கிறான். பாறையில் தொற்றிப் பறித்ததும் அட்டைக்கடி வாங்கியதும் வேறு ஆட்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தத் தாளிலும் இல்லை. சேகரித்தவர்: ஹார்கோர்ட். இன்று அறுபது தாள் பார்த்தேன். அறுபதிலும் அதேதான்.

என் வேலை இந்தத் தாள்கள். செடியை அழுத்தி, உலர்த்தி, தாளில் ஒட்டி, மூலையில் சீட்டு வைத்தவை, பதினோராயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றையும் படமெடுத்துக் கணினியில் ஏற்றவேண்டும். மே பத்தாம் தேதி மலர்க்காட்சி, கூடவே தோட்டத்துக்கு நூற்றைம்பதாவது ஆண்டு விழா. அமைச்சர் வந்து பொத்தானை அழுத்துவார். அதற்குள் முடித்தால் என் அடையாள அட்டையில் ‘ஒப்பந்தம்’ என்கிற சொல் போய்விடும் என்று காப்பாளர் வேதமூர்த்தி வாயால் சொல்லியிருக்கிறார்.

கட்டடம் பழைய கொய்னாக் கொட்டடி. மலேரியா மருந்துக்குச் சிங்கோனாப் பட்டையை இங்கேதான் காய்ச்சினார்கள். பட்டை வியாபாரம் படுத்ததும் காய்ந்த செடிகளை அடுக்கினார்கள். பலகையில் ‘உலர்தாவரக் கூடம்’. தோட்டத்து ஆட்கள் ‘காஞ்ச செடி ஆபீஸ்’ என்கிறார்கள். ஒரே ஒரு சன்னல். வெளியே கண்ணாடி மாளிகை தெரிகிறது. அதன் இரும்பை மலைமேல் சுமந்தவர்கள் கைதிகள். அதற்குத் தகடு இல்லை.

ஜனவரி 8, புதன்

தேக்கு அலமாரிகளில் ஒரு விநோதம். எழுபதுகளில் நம் ஆட்கள் சேகரித்த தாள்களைப் பூச்சி சல்லடையாக்கியிருக்கிறது. ஹார்கோர்ட் காலத்துத் தாளில் ஒரு துளை கிடையாது. அலமாரி மூலையில் செத்த வெள்ளிப்பூச்சிகள் மட்டும் கிடந்தன. பூச்சிக்குக்கூட வெள்ளைக்காரன் என்றால் பயம் போல.

ஜனவரி 10, வெள்ளி

சிக்கல். பழைய தாள்களில் இலைமேலும் தண்டைச் சுற்றியும் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. படத்தில் இலையின் நரம்பே தெரியவில்லை. சென்னையில் இருக்கும் கணினிப் பிரிவு முந்நூறு படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது.

காப்பாளரிடம் போனேன். “என்னப்பா அது?” என்றார். பூஞ்சை என்றேன். “சுத்தம் பண்ணணும்னா ஒரு ஆள் வேணும். அதுக்கு ஒரு குறிப்பு எழுதிக் குடு” என்றார். ‘தாள்களில் பூஞ்சை படிந்துள்ளதால் மென்தூரிகை கொண்டு நீக்கக் கைநிதானமுள்ள தினக்கூலிப் பணியாளர் ஒருவர் தேவை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மேஸ்திரி பெள்ளி அண்ணன் என்னை நாற்றங்காலுக்குக் கூட்டிப்போனார். “கை நிதானம்னா தவமணிதான். ஆனா குடுக்க மனசில்ல சார் எனக்கு.”

தவமணி அக்கா ரோஜாவுக்குக் கண் ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சிலோனிலிருந்து திரும்பிய தேயிலைத் தோட்டக் குடும்பம். காட்டு ரோஜாவின் பட்டையில் கத்தியால் ஒரு கீறல், குறுக்கே ஒரு கீறல். நல்ல ரோஜாவின் மொட்டைச் சீவி, நெல் அளவு இருக்கும், பட்டைக்குள் செருகி பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்டினார். மொத்தம் ஒன்றரை நிமிடம். நான் வாய் பிளந்து நின்றேன்.

“பாத்துக்கிட்டே நின்னா பூத்துராது தம்பி. என்னா வேணும்?”

சொன்னேன்.

“காஞ்ச செடிக்கு என்னா ஒட்டு? செத்ததுக்குச் சீவிச் சிங்காரிக்கிற வேலையா?”

பெள்ளி சிரித்தார். “உள்ள உக்காந்து செய்யுற வேலை. பனி இல்ல, அட்டை இல்ல. போ.”

“ஏப்ரல்ல டெஸ்ட்டு இருக்குண்ணே. கை விட்டுப்போயிரும்.”

பதினான்கு வருடம் தினக்கூலி. ஏப்ரல் 24-ஆம் தேதி நிரந்தரம் செய்வதற்கான தேர்வு. அதிகாரிகள் முன்னால் ஒரு மணிநேரத்தில் இருபது கண் ஒட்டுக் கட்டவேண்டும். தவமணி அக்காவுக்கு அது விளையாட்டு. அதுவரைக்கும் வரட்டும், அதற்குள் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறைக்குப் பின் தொடங்கினோம். நான் வாங்கிவந்தது ஓவியம் தீட்டுகிற மென்தூரிகை. ஒரு தாளுக்கு நான்கு நிமிடம். இலை ஒன்றுகூட உடையவில்லை. பொடியைப் பழைய செய்தித்தாளில் தட்டிக் குப்பைக்கூடையில் போடுகிறார். விளக்கு வெளிச்சத்தில் தூசு மினுங்கிக்கொண்டே இறங்குகிறது.

கையுறை ஒரு பெட்டிதான் வந்தது. தாளில் கைரேகை விழக்கூடாது என்று படமெடுப்பவருக்காக அனுப்பியது. எனக்குத் தூசு ஒவ்வாமை, ஆகவே முகக்கவசமும் உண்டு. அக்காவுக்கும் கேட்டேன். தினக்கூலிக்கு வழங்க விதியில்லை என்றார் காப்பாளர். இந்த நாட்டில் ஒரு கைக்கு விதி உண்டு, இன்னொரு கைக்கு இல்லை. நன்றாகக் கோபப்பட்டேன். பிறகு என் கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஜனவரி 31, வெள்ளி

ஒரு நாளைக்கு நூறைத் தாண்டிவிட்டோம். சீட்டுப் படிக்கவும் அக்கா பழகிக்கொண்டார். தேதி இல்லாத தாள்களைத் தனியே வைக்கச் சொன்னேன்.

“ஏன், அதுவும் செடிதானே?”

“என்ன செடி, எந்த இடம், யார் எடுத்தது, எந்த நாள். இதுல தேதி இல்லேன்னா அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லக்கா. வெறும் குப்பை.”

“அப்ப எங்கம்மா என்னைப் பெத்த தேதியே அதுக்குத் தெரியாது. நானும் குப்பைதான்” என்று சிரித்தார். தூரிகையை உதட்டால் ஈரப்படுத்தி நுனியைக் கூராக்கி, இலை இடுக்கில் விட்டார்.

மதியச் சாப்பாடு இருவரும் அங்கேயே. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஓடுவதால் அறை சூடாக இருக்கும். அக்கா கொண்டுவரும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் எனக்குப் பாதி.

விழாவுக்கு ஒரு கண்காட்சி வைக்கப்போகிறேன். தலைப்பு: ‘பெயரில்லாத கைகள்’. நாற்காலி சுமந்தவர்கள், இரும்பு சுமந்த கைதிகள், பாறையில் ஏறியவர்கள். விழாவுக்கு வரும் பெரிய மனிதர்கள் தலையில் அடிப்பதுபோல் இருக்கவேண்டும்.

கணினியில் ஒவ்வொரு படத்தின் கீழும் ‘தயாரித்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘இளம்பரிதி’ என்று என் பெயர் தானாகவே விழும்படி செய்துவிட்டேன். நேரம் மிச்சம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அக்கா ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டார். “எது தின்னாலும் இரும்பச் சப்புன மாதிரி இருக்கு தம்பி.” பல் விளக்கினால் ஈறில் ரத்தமாம். வெற்றிலையை விடுங்கள் என்றேன். “வெத்தலைய விட்டு நாலு வருசம் ஆச்சு” என்றார்.

இதுவரை படமெடுத்தவை 4,100 தாள்.

பிப்ரவரி 19, புதன்

கண்காட்சிக்கு ஆதாரம் தேடி, அலுவலகப் பரணிலிருந்து ஹார்கோர்ட்டின் பதிவேடுகளை இறக்கினேன். தினமும் எழுதியிருக்கிறான். 1886-ஆம் வருடத்துப் பதிவேட்டில் ஒரு பக்கம். கையெழுத்துக் கோணல். மூன்று முறை படித்தேன்.

அதை இப்போது இங்கே எழுதப்போவதில்லை.

மாலை துணி துவைத்தேன். சோப்புத் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று முதல் இரண்டு கையுறை, ஒன்றின்மேல் ஒன்று. பனி இல்லை. வெயில் தெளிவு.

பிப்ரவரி 22, சனி

எழுதித்தான் ஆகவேண்டும். அது பூஞ்சை இல்லை. பாதரச உப்பு. பூச்சி தின்னக்கூடாது என்று தாள்களை அந்தக் கரைசலில் நனைத்திருக்கிறார்கள். நூற்று நாற்பது வருடத்தில் அது மேலே வந்து பூத்திருக்கிறது. கல்லூரியில் மூன்றாம் பருவப் பாடத்தில் இதைப்பற்றி ஒரு வரி இருந்தது. தேர்வுக்கு வராது என்று தாண்டிப்போனேன். செத்த வெள்ளிப்பூச்சியைப் பார்த்து வேடிக்கை எழுதிய மேதை நான்.

நேற்று அக்காவிடம் சொன்னேன்: “கையை நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுச் சாப்பிடுங்கக்கா. சன்னலைத் திறந்து வச்சுக்கலாம். தூரிகைய வாயில வைக்காதீங்க.”

“ஏன், என்னாச்சு?”

“பூஞ்சைதானே, வயித்துக்கு ஆகாது.”

கழுவினார். அரைமணி நேரத்தில் சன்னலை மூடிவிட்டார். காற்றில் தாள் பறக்கிறது, குளிருகிறது. நான் எழுந்து போய்த் திறக்கவில்லை.

சொல்லத்தான் போகிறேன். முதலில் காப்பாளரிடம் முறையாகச் சொல்லவேண்டும். அதுதான் ஒழுங்கு.

மார்ச் 3, திங்கள்

ஒன்பது நாள் கழித்துப் போனேன்.

“சார், அந்த வெள்ளைப் பொடி ஒருவேளை பூஞ்சையா இல்லேன்னா?”

வேதமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். முட்டாள் இல்லை அவர். என்னை நன்றாகப் பார்த்தார்.

“பூஞ்சைன்னு எழுதிக் குடுத்தது யாரு?”

“நான்தான் சார்.”

“கோப்புல இருக்கு. உன் கையெழுத்தோட. இப்ப வேற ஏதாவதுன்னா நாளைக்கே கூடத்தப் பூட்டி சீல் வைக்கணும். சென்னையில இருந்து குழு வரும். விழா இருக்காது. நீ இருக்கமாட்டே. நானும் ரெண்டு வருசத்துல ஓய்வு.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “என்னப்பா அது? பூஞ்சைதானே?”

“பூஞ்சைதான் சார்.”

“போ. வேலையப் பாரு.”

அவர் ஒரு கோழை. இதையெல்லாம் மூடிமறைத்துத்தான் இந்த நாட்டில் ஓய்வூதியம் வாங்குகிறார்கள். அறைக்குத் திரும்பியபோது அக்கா அன்றைய நூற்றுப் பன்னிரண்டாவது தாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூ இன்னும் நீலமாக இருக்கிற குறிஞ்சி. “என்னா தம்பி மூஞ்சி இப்டி? பெருசு ஏசிருச்சா?” என்றார். ஆமாம் என்றேன். தன் பங்குத் தேநீரில் பாதியை என் குவளையில் ஊற்றினார்.

மார்ச் 14, வெள்ளி

இன்று தேநீரை ஊற்றும்போது பாதி மேசையில் கொட்டியது. ஓடிவந்து தாள்களைத்தான் முதலில் தூக்கினேன்.

“கை ஒரு நெலையில நிக்க மாட்டேங்குது. ராத்திரி தூக்கமில்ல, அதான்.”

காலையில் வருகை மஸ்டரில் கையெழுத்துப் போடும்போது பெள்ளி அண்ணன் பார்த்திருக்கிறார். அக்காவின் கையெழுத்து அழகு. ‘ச. தவமணி’ என்று முழுதாக எழுதிக் கீழே ஒரு கோடு இழுப்பார். எட்டாவது வரை படித்தவர் என்று அந்தக் கோடே சொல்லும். இன்று அது கட்டத்தை விட்டு அடுத்த ஆளின் கட்டத்துக்குள் ஓடிவிட்டதாம்.

பெள்ளி என்னிடம் தனியே வந்தார். “அவள நாத்தங்காலுக்கு அனுப்புங்க சார். டெஸ்ட்டுக்குப் பழகட்டும்.”

“இந்த மாசம் முடியட்டும்ணே.”

“உள்ள என்ன வேலை வாங்குறீங்க? கெழவி மாதிரி ஆயிட்டா.”

கேமராவின் திருகை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

7,000 தாண்டியாயிற்று.

மார்ச் 27, வியாழன்

மூன்று நாளாக அக்கா வரவில்லை. காய்ச்சலாம். பொடி பூத்த தாள்கள் நாற்பது கட்டு காத்திருக்கின்றன.

நானே துடைத்திருக்கலாம். கையுறை இருக்கிறது, கவசம் இருக்கிறது, தூரிகை அங்கேயே குவளையில் நிற்கிறது. மூன்று நாளும் எழுபதுகளின் பூச்சியரித்த தாள்களையே எடுத்துப் படமெடுத்தேன். வெள்ளைத் தாள்களைச் சுவரோரமாக அடுக்கி வைத்திருக்கிறேன். அவர் வந்ததும் செய்யட்டும் என்று.

இதை எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதியிருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

வந்துவிட்டார். துடைத்தார்.

ஏப்ரல் 9, புதன்

துடைக்கும் வேலை முடிந்தது. ஆறாயிரத்து இருநூறு பழைய தாள். ஒரு இலைகூட உதிரவில்லை. சென்னையிலிருந்து மின்னஞ்சல்: ‘படங்களின் தரம் மிகச் சிறப்பு. பாராட்டுகள், இளம்பரிதி.’

அக்காவை நாற்றங்காலுக்கு அனுப்பினேன். வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். போகும்போது வாசலில் நின்று, “உங்க புண்ணியத்துல பனியில்லாம ஒரு குளிர்காலம் போச்சு தம்பி” என்றார்.

தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. உடம்பிலிருந்து அது தானாக வெளியேறிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பல மாதம் ஆகும் என்று இன்னொன்றில் இருந்தது. முதல் கட்டுரையைச் சேமித்து வைத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

போகவேண்டாம் என்றிருந்தேன். போனேன்.

கண்ணாடி மாளிகைக்குப் பின்னால் நீளமேசை. ஒன்பது தினக்கூலிகள், ஆளுக்கு இருபது தொட்டி. மூன்று அதிகாரிகள் நாற்காலியில். காப்பாளரும் அதில் ஒருவர். பெள்ளி அண்ணன் விசில் ஊதினார்.

தவமணி அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கத்தியை எடுத்தார். முதல் கீறல் பட்டையைத் தாண்டிக் கட்டைக்குள் போய்விட்டது. அடுத்த தொட்டி. கீறல் சரி. மொட்டைச் சீவினார். செருகும்போது விரலிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. குனிந்து தேடினார். நெல்லளவு பச்சையை மண்ணில் தேடி எடுத்து ஊதி, மறுபடி செருகப்போனார். மறுபடி விழுந்தது. இடதுகையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் நாடாவைக் கட்டக் கை இல்லை. நுனியைப் பல்லால் கடித்து இழுத்தார்.

“அந்தம்மா குடிக்குமா?” என்று ஒரு அதிகாரி கேட்டார். மெதுவாகத்தான். எல்லோருக்கும் கேட்டது.

“இல்ல சார்” என்றார் பெள்ளி. “இந்தத் தோட்டத்து ரோஜால பாதி அது கட்டுனது.”

“இப்ப கட்டுறதத்தானே பாக்கணும்.”

வேதமூர்த்தி தாளில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. நான் தூண் மறைவில் நின்றேன்.

நேரம் முடிந்தபோது ஆறு தொட்டி. ஆறிலும் நாடாவில் ரத்தம். பெருவிரலை அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண், போன வருடம் அக்காவிடம் கத்தி பிடிக்கப் பழகியவள், இருபதையும் முடித்துவிட்டு அழுதாள். அக்கா அழவில்லை. கத்தியைத் துடைத்து, மடக்கி, பெள்ளியிடம் கொடுத்தார்.

“வச்சுக்கங்கண்ணே.”

ஏப்ரல் 28, திங்கள்

அக்காவின் மகள் வினிதா நர்ஸிங் படிக்கிறாள். அம்மாவைக் கீழே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். இன்று அக்கா என்னைத் தேடி வந்தார்.

“டாக்டரு கேட்டாரு, என்னா மருந்துல வேலை செய்யுறீங்கன்னு. மருந்தெல்லாம் இல்லைங்க, காஞ்ச செடியில பூஞ்சை தட்டுறேன்னேன். பூஞ்சையில இப்டி ஆகாதுன்னுட்டாரு. தம்பி, அது பூஞ்சைதானே?”

நான் இந்த நோட்டில் ஹார்கோர்ட்டைத் திருடன் என்று எழுதினேன். காப்பாளரைக் கோழை என்று எழுதினேன். இருவருக்கும் பயன்படுத்திய அதே பேனாவால் எழுதுகிறேன்:

“பூஞ்சைதான்க்கா” என்றேன்.

“அதத்தான் நானும் சொன்னேன். படிச்ச புள்ள, தெரியாமலா சொல்லும்னு.”

மே 5, திங்கள்

கண்காட்சிப் பலகைகள் அச்சாகி வந்துவிட்டன. ஏழு பலகை. கடைசிப் பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பதிவேட்டை 1886-ஆம் வருடத்து அந்தப் பக்கத்தில் திறந்து வைக்கிறேன். துறையின் இணை இயக்குநருக்கு அதுதான் பிடித்ததாம்: “இதுதான் அதிர்ச்சி. பத்திரிகைக்காரன் இதத்தான் எடுப்பான்.” வேதமூர்த்தி படித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். “நூத்தி நாப்பது வருசத்துக்கு முந்தின கதைதானே, இருக்கட்டும்” என்றார்.

ஏன் வைத்தேன் என்று என்னை நானே கேட்டேன். உண்மையை மறைக்கக்கூடாது என்பதற்காக. சொல்லவேண்டியதைப் பெரிய எழுத்தில், சுவரில் சொல்லிவிட்டேன். பலகையைத் தூக்கி மாட்டியபோது மனசு லேசாகக்கூட இருந்தது. இப்படியும் ஒருத்தன் இருப்பானா?

மே 10, சனி

அமைச்சர் பொத்தானை அழுத்தினார். திரையில் குறிஞ்சி விரிந்தது. மார்ச் 3-ஆம் தேதித் தாள். கீழே ‘சேகரித்தவர்: ஹார்கோர்ட். தயாரித்தவர்: இளம்பரிதி.’ கைதட்டல். வெளியே இருபதாயிரம் பூத்தொட்டி, சுற்றுலாக் கூட்டம், பஞ்சுமிட்டாய், பீப்பி. என்னை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள்.

இறங்கி வந்தபோது கண்காட்சியில் கூட்டம் இல்லை. கடைசிப் பலகை முன்னால் தோட்டத்துப் பச்சைச் சேலையில் தவமணி அக்கா. மலர்க்காட்சி என்பதால் எல்லாத் தினக்கூலிகளையும் வரவைத்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகப் பலகைமேல் விரல் வைத்து நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தார். விரல் நடுங்கி நடுங்கிப் பலகையில் தட்டிய சத்தம் வாசல்வரை எனக்குக் கேட்டது.

பலகையில் இருப்பது நான் மொழிபெயர்த்தது:

‘1886, பிப்ரவரி 9. தாள்களைப் பாதரச உப்புக் கரைசலில் நனைக்கும் வேலை நடக்கிறது. இனிப் பூச்சி அண்டாது. காய்ந்தபின் பொடியைத் தட்டும் கூலிகள் இருவருக்கு ஈறு புண்ணாகி, கை நடுக்கம் கண்டது. அவர்களை அனுப்பிவிட்டு வேறு இருவரை வைத்தேன். வானம் தெளிவு.’

அதன் கீழே என் வரி, தடித்த எழுத்தில்: ‘இவர்கள் பெயர் என்ன? யார் பதில் சொல்வது?’

அக்கா திரும்பினார். நான் சால்வையை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டேன்.

“இந்தப் புஸ்தகம் எப்ப கெடச்சுது?”

தம்பி என்று சொல்லவில்லை. நான் அதைத்தான் முதலில் கவனித்தேன்.

ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், குழுப் படத்துக்கு. வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். படம் எடுத்துக்கொண்டோம். மாளிகைப் பின்வாசல் வழியாக அறைக்கு வந்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

வெளியே போகவில்லை.

மே 12, திங்கள்

காப்பாளர் காலையிலேயே கூப்பிட்டு உத்தரவைக் கொடுத்தார். ‘உதவிக் காப்பாளர்.’ அடைப்புக்குறிக்குள் ‘ஒப்பந்தம்’ இல்லை. “நிம்மதியா இரு” என்றார்.

கூடத்துக்கு வந்தேன். வாசல் பெஞ்சில் தவமணி அக்கா. பக்கத்தில் பெள்ளி அண்ணன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். போகிற வழியில் துப்பினார். வெற்றிலைதான் போட்டிருந்தார் என்று வைத்துக்கொள்கிறேன்.

“உள்ள வாங்கக்கா.”

“அந்த ரூமுக்குள்ள நான் வரமாட்டேன் சார்.”

சார். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

“வினிதா அந்தப் பலகைய போன்ல படம் புடிச்சு டாக்டர்ட்ட காட்டிருச்சு. அவரு சொல்றாரு, இது பேப்பர்ல வர்ற கதை, இத வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. எதத் தொட்டாங்க, எத்தன நாள் தொட்டாங்கன்னு ஆபீஸ்ல எழுதி வாங்கியாங்க. அப்பத்தான் அதுக்குண்டான வைத்தியம், அப்பத்தான் மறு டெஸ்ட்டுக்குக் கேக்க முடியும்னு.”

பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். மடிப்பில்லாமல், அட்டையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். தாள் பிடிக்க நான்தான் பழக்கினேன். அந்தக் கையில் இப்போது அது சரசரவென்று ஆடியது.

“மேலதிகாரிகிட்ட கேட்டுட்டு...” என்றேன்.

“பெரிய சார்ட்ட போயிட்டுத்தான் வர்றேன். பூஞ்சைன்னு கையெழுத்துப் போட்டது அந்தத் தம்பிதான், அவருட்ட கேளுன்னாரு.”

கண்ணாடி மாளிகைக்குள் யாரோ குழாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் தகர வாளியில் விழுகிற சத்தம்.

“ஒண்ணு மட்டும் கேக்குறேன் சார். தெரியாமத்தான் என்னைய உள்ள கூப்ட்டீங்க. அத நான் நம்புறேன். தெரிஞ்சது என்னைக்கு?”

இந்த நோட்டு என் பைக்குள்தான் இருந்தது. பிப்ரவரி 19, புதன். பக்கத்தைத் திருப்பினால் போதும். அதற்குப் பிறகு நாற்பது நாள் துடைத்திருக்கிறார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட தாள். கணக்குப் பார்த்துவிட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேறு வேலை இல்லை.

“காய்ச்சல்ல படுத்திருந்தனே, அதுக்கு முந்தியா பிந்தியா?”

பைக்குள் நோட்டைத் தொட்டேன். உத்தரவுத் தாள் சட்டைப்பையில் மொறமொறத்தது.

அக்கா தாளைப் படியில் வைத்தார். காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லைத் தேடி எடுத்து அதன்மேல் வைத்தார். கல் இரண்டு முறை கையிலிருந்து விழுந்தது. மூன்றாவது முறை நின்றது.

மணி இப்போது நாலரை. நான் மேசையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சன்னலுக்கு வெளியே பெஞ்சு தெரிகிறது. அவர் இன்னும் போகவில்லை. தாள் படியிலேயே இருக்கிறது, வெள்ளையாக. ஒருமுறை எழுந்துவந்து, கதவைத் தொடாமல், வெளியில் நின்றபடியே சொன்னார்:

“தேதி இல்லாத தாளு குப்பைன்னு நீங்கதானே சொன்னீங்க. தேதியப் போட்டு எழுதிக் குடுங்க சார்.”